பானட்டுக்குள் ஒரு மெத்தை

அத்தியாயம் பதினொன்று

‘ஒரு வீட்டில் இரண்டு ஆண்களுக்கு ஒரே நாக்கு போதும் என்றால், அது ஏன் என்னுடையதாக இருக்க வேண்டும்?’

மார்கிரெட் இதை யாரிடமும் சொல்லவில்லை. சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே நினைத்தாள். நினைப்பின் வேகத்தில் மாவு சற்று இறுகிப்போனது.

முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர் ஜோக்கிம் குரல் கொடுத்தார்.

“ஏட்டி, அவன்கிட்ட கேளு. வண்டி நாளைக்கு ஓடுமா, ஓடாதா?”

அந்த ‘அவன்’, மகன் ஜெய்சன், நாற்காலிக்கு மூன்று எட்டுத் தள்ளி, வண்டியின் முன்னால்தான் நின்றிருந்தான். கையிலிருந்த துணியை உதறிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னான்.

“ஓடும்னு சொல்லும்மே.”

“ஓடுமாம்,” என்றாள் மார்கிரெட், அடுக்களையிலிருந்தபடியே.

தேங்காய் திருகிக்கொண்டிருந்த மருமகள் ஜினி சிரித்தாள். “மாமி, பள்ளியில பூசைக்கு வைக்கிற மைக் செட்டை வாடகைக்கு எடுக்கட்டா? உங்களுக்குத் தொண்டையாவது மிஞ்சும்.”

“மைக்குக்கும் கரண்டு வேணும் மக்கா. எனக்க கரண்டு போகப் போவுது.”

ஆடி மழையில் பொங்கிய கர்க்கடக மாதத்துக் கடல் பொழியூர் வீட்டின் அடுக்களைக்குள் வந்து பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து இப்படித்தான். அன்று ஜெய்சன் அப்பாவையும் அம்மாவையும் குளத்தூரில் தான் கட்டிய வீட்டுக்குக் கூட்டிவந்தான். வரும் வழியில், “இனி அங்க ஒண்ணும் இல்லப்பா. இங்கயே இருந்திரணும்,” என்றான். “எனக்க கடலைப் பத்தி நீ சொல்லண்டாம்,” என்றார் ஜோக்கிம். அதோடு முடிந்தது. மழைக்காலம் கழியும்வரை மட்டும் இங்கே இருப்பதாக அவர் தன் பெட்டியைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு மகன் அப்பாவிடம் நேராகப் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் போன வாரம் உதியன்குளங்கரை சந்திப்பில், நாலு பேர் பார்க்க.

ஜோக்கிமின் அம்பாசடர் பழைய டீசல் வண்டி. வளைகுடாவில் மீன்பிடித்துத் திரும்பிய ஆண்டில், நெய்யாற்றின்கரை டாக்டர் ஒருவரிடமிருந்து அவர் வாங்கியது. பொழியூர்த் தெருவில் அந்த வண்டியில் ஏறாமல் கல்யாணப் பூசைக்குப் பள்ளிக்குப் போன மணப்பெண் கிடையாது. பிரசவ வலியோடு அதில் ஏறாதவர்களும் குறைவு. இன்ஜினை மூடும் பானட்டின் உள்பக்கம் இருந்த மெத்தை உதிர்ந்துபோனதும் ஜோக்கிம் தானே வேறொன்று வெட்டி ஒட்டினார். மீன்பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை நுரை ஷீட். ஒரு நாள் முழுக்க ஐஸை உருகவிடாமல் காக்கிற பொருள், இன்ஜின் சூட்டைப் பெயிண்டுக்கு ஏறவிடாமல் காக்காதா என்பது அவர் எண்ணம். கரையில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவும் கேட்டார். அவர்களும் சரி என்றுதான் சொன்னார்கள்.

அந்தச் சந்திப்பின் வளைவில் ஷீட் இளகி, சைலன்சர் குழாய் மேல் சொட்டி, புகை கிளம்பியது. ஜெய்சன் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அப்பா, இது மீன்பெட்டி இல்ல.”

பேருந்துக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோக்கிம் அன்று இரவு சாப்பிடவில்லை.

நாளை காலை அவருடைய தங்கை மகள் ஷெர்லினுக்குப் பொழியூர்ப் பள்ளியில் கல்யாணம். வேறு காரில் அவள் போகக்கூடாது என்பது அவர் பிடிவாதம். “கெட்டு முடிஞ்ச உடனே வண்டியும் நானும் கரைக்காக்கும். இங்கோட்டு இல்ல,” என்று பொழியூரிலேயே தங்கிவிடுவது அடுத்த பிடிவாதம். இரண்டையும் மகனிடம் சொன்னது மார்கிரெட்தான்.

“அம்மே, ஒரு உருண்டை மாவு தா.”

ஜெய்சன் அடுக்களை வாசலில் நின்றான்.

“எதுக்குலே? பசிக்குதா?”

“எனக்கில்ல. வண்டிக்கு.”

ஜினி வாயைப் பொத்திக்கொண்டாள். மார்கிரெட் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். ஜெய்சன் அதை இரண்டாகப் பிய்த்து, இன்ஜினில் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்ற காற்று வடிகட்டியின் மூடி மேல் ஒன்றும், ஓரமாக ஒன்றும் வைத்தான். பானட்டை மெதுவாக இறக்கி அழுத்தி மூடினான். திரும்பத் திறந்தபோது உருண்டை தட்டையாகி, அப்பளம் இடும் முன் அமுக்கிய மாவுபோல் இருந்தது.

“பாத்தியா? இவ்வளவுதான் எடம். இதைவிடத் தடிமனா மெத்தை வாங்கினா பானட்டு அடையாது. அடைஞ்சாலும் முட்டிட்டு நிக்கும்.”

மார்கிரெட் அந்தத் தட்டை மாவைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். பாறசாலையில் கார் ஏசி பழுது பார்க்கிறவன் என்றுதான் அவனை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை ஒரு பிடி மாவால் கையில் எடுத்துக் காட்டுகிறவன் என்று இதுவரை தெரியாது. பெற்றெடுத்தவளுக்கும் பிள்ளையில் பார்க்காத பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

அவன் மாவை நசுங்காமல் ஒரு டப்பாவில் வைத்தான். நாளிதழுக்குப் பின்னாலிருந்து ஜோக்கிமின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

மெத்தை வாங்க மார்கிரெட்டும் ஜெய்சனும் கிளம்பும்போது அவர் மனைவியைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். உள்ளே உள்ளங்கையளவு கறுத்த கம்பளித் துண்டு. டாக்டர் வண்டியாக இருந்தபோது பானட்டுக்குள் இருந்த முதல் மெத்தையின் மிச்சம். இத்தனை வருஷம் அதை அவர் பத்திரமாக வைத்திருந்தது மார்கிரெட்டுக்கே தெரியாது.

“இது போலவே வாங்கச் சொல்லு. வண்டி பிறந்தப்போ எப்படி இருந்ததோ, அப்படி.”

நெய்யாற்றின்கரையில் பினுவின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சீட் கவரும் தரைவிரிப்பும் கூரைத் துணியுமாகச் சுருள்கள் நிமிர்ந்து நின்றன. பினு ஜெய்சனின் பழக்கக்காரன். கம்பளித் துண்டை முகர்ந்து பார்த்தான்.

“ஆத்மாவுக்கு சாந்தி கிடைக்கட்டும். இது எந்தக் காலத்துச் சாமான்லே?”

“சிரிக்காதடே. அப்பாவுக்க சாமானாக்கும்,” என்றான் ஜெய்சன்.

மார்கிரெட் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தக் குரலில் கேலி இல்லை.

பினு நான்கு சுருள்களை இறக்கி மேசைமேல் விரித்தான். கறுப்பு ஸ்பஞ்சு, லேசானது, மலிவு. அச்சு அசல் பழைய துண்டு மாதிரியே சாம்பல்நிறக் கம்பளி. வெள்ளித்தாள் சுற்றிய கண்ணாடிப் பஞ்சு. கடைசியாக, ஒரு முகத்தில் வெள்ளித்தாள் ஒட்டிய கறுப்பு ரப்பர் ஷீட்.

ஜெய்சன் ஒவ்வொன்றிலும் ஒரு கீற்று வெட்டி வாங்கி, கடைக்கு வெளியே போய் லைட்டர் காட்டினான். ஸ்பஞ்சு சடசடவென்று எரிந்து சொட்டியது. கம்பளி தீயை உள்ளே வைத்துக்கொண்டு கங்காய்ப் புகைந்தது. கண்ணாடிப் பஞ்சு அசையவில்லை. ரப்பரின் வெள்ளி முகம் கறுத்ததே தவிரப் பற்றவில்லை. அடுத்து பினுவிடம் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயில் வாங்கி ஒவ்வொரு கீற்றின்மேலும் ஒரு துளி விட்டான். ஸ்பஞ்சிலும் கம்பளியிலும் துளி காணாமல்போனது. ரப்பரின்மேல் அது அப்படியே முத்தாக உருண்டு நின்றது.

மார்கிரெட் மெய்ம்மறந்து பார்த்தாள். கயிறு வாங்கப் போனால் ஜோக்கிம் இப்படித்தான். இழுப்பார், முறுக்கைப் பிரிப்பார், முகர்வார், கடைக்காரன் பொறுமை தீரும்வரை ஒரு நுனியைக் கடித்தும் பார்ப்பார். இடது கண்ணைச் சுருக்கிக்கொள்வதுகூட அதேதான். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே ஆளாக இருக்கிறார்கள். அது இருவருக்கும் தெரியாது.

“கம்பளிதான் உனக்க அப்பச்சன் கேட்டது. வாங்கிக் கொடுத்துரு,” என்றான் பினு. “கார் கண்காட்சிக்குப் போற பழைய வண்டிக்காரங்க எல்லாம் இதுதான் கேப்பாங்க. பார்வைக்கு ஒரிஜினல்.”

“கண்காட்சி வண்டி ஏசி ஷெட்டுல தூங்கும் மச்சான். இது கடக்கரையில ஓடுற வண்டி. உப்புக்காத்தை இந்தக் கம்பளி குடிச்சு வெச்சுக்கிடும். ஈரம் தகரத்துல நிக்கும், துரு ஏறும்.”

“அப்போ கண்ணாடிப் பஞ்சு?”

“ஓரம் ஒரு இடத்துல பிஞ்சா போதும், அதுவும் தண்ணி குடிக்கும். அம்மா கை வெச்சா சொறியும்.” ஜெய்சன் ரப்பர் ஷீட்டைத் தடவினான். “சூட்டையும் சத்தத்தையும் வாங்கணும், ஆனா எதையும் உள்ள குடிக்கப்பிடாது. குடிச்சு குடிச்சு வெச்சிருக்கிற சாமான்தான் ஒருநாள் தீ பிடிக்கும்.”

அவன் மெத்தையைப் பற்றித்தான் சொன்னான். மார்கிரெட்டுக்கு ஏனோ நெஞ்சில் ஒரு துளி விழுந்து, உருளாமல், காணாமல்போனது.

மாவுத் தட்டையை எடுத்து ஷீட்டின் ஓரத்தில் வைத்தான். ஷீட் கொஞ்சம் மெலிதாகவே இருந்தது. “சரியாக்கும்,” என்றான்.

“அப்பா ஒத்துக்கிடணுமே?” என்றாள் மார்கிரெட்.

“நீ சொன்னா ஒத்துக்கிடுவாரு.” பிறகு, சுருளைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னான். “அம்மே, அந்த மீன்பெட்டி ஷீட்டைச் சுரண்டி எடுத்தேன்லா. பானட்டுக்குள்ள எத்தனை வளைவு, எத்தனை பட்டை! ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு நூல்கூட விலகாம வெட்டியிருக்காரு. சாமான்தான் தப்பு. அந்த வெட்டு எனக்கு வராது.”

“அதை அன்னைக்கு அவரிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“எனக்கு வாயில வந்தது வேறயாக்கும்.” அவன் காதுமடல் சிவந்தது. “நீயும் சொல்லிராத.”

அப்போதுதான் அவன் கைப்பேசி அடித்தது. பொழியூரிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரர் பனியடிமை. ஜெய்சன் முழுக்கக் கேட்டான். வைத்துவிட்டு, கடை வாசலில் நின்ற தங்கள் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் தேவையில்லாமல் திருப்பினான்.

“விடியகாலத்துக் கடல்ல நம்ம வீட்டு முன்சுவர் விழுந்துட்டாம். மத்தது நிக்குதாம். எப்போவரைக்கும்னு தெரியாது.”

மார்கிரெட் ரப்பர்ச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சுவரில் அவள் கையால் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள்.

“நாளைக்குப் பள்ளிக்குப் போறப்போ கண்ணால பாத்துருவாரு. அதுக்கு முன்னாலே தெரியணும். நீ சொல்லும்மே.”

“நானா?”

“நான் சொன்னா, ‘பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்லா’ன்னு குத்துற மாதிரி இருக்கும். நீ சொன்னா அவருக்கு அது வெறும் சுவராக்கும்.”

மார்கிரெட் சுருளோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். அவள் மாட்டேன் என்று சொல்லாததை இந்த வீட்டில் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஜோக்கிம் ஷீட்டை விரித்துப் பார்த்தார். கம்பளி இல்லை. முகம் இறுகியது.

“என்னத்துக்கு இது? வண்டிக்கு நகை போட்ட மாதிரி மின்னுது?”

“உப்புக்காத்து குடிக்காதாம்,” என்றாள் மார்கிரெட்.

“யாரு சொன்னது?”

மார்கிரெட் வாயைத் திறக்குமுன் வெளியே ஜெய்சன் இருமினான். ஜோக்கிமுக்கு அது போதும். ஒரு துண்டை வெட்டி எடுத்து, பின்புறம் போய், வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மேலே ஒரு கல்லை வைத்தார். சாப்பிட்டார். படுத்தார். எழுந்து வந்து கல்லை எடுத்ததும் துண்டு துள்ளிக்கொண்டு மேலே வந்தது. உதறினார். பிழிந்தார். ஒரு சொட்டுகூட இல்லை. ஓரத்தைக் கடித்துப் பார்த்தார்.

“ஏட்டி,” என்றார், சுற்றும் பார்த்துவிட்டு. “மாவை வெச்சு எடம் பாத்தானே காலையில. நாங்க கடல்ல ஈயக்குண்டு இறக்கி ஆழம் பாக்குறது போல. எவனுக்க புத்தி அது? யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லிக் குடுக்கல. அவனுக்க புத்திதான்.”

“ம்.” துண்டைக் கையில் இன்னொரு முறை புரட்டினார். “அவன்கிட்ட சொல்லண்டாம். தலை வீங்கிரும்.”

மார்கிரெட்டுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. காலையிலிருந்து இரண்டு நல்ல வார்த்தைகள் அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. இரண்டுக்கும் வாசல் அடைத்தாயிற்று. சொல்லு என்று கொடுப்பதெல்லாம் ‘சாப்பிட வரச் சொல்லு’, ‘சாவி எங்கேன்னு கேளு’. சொல்லாதே என்று கொடுப்பது மட்டும் தங்கம்.

வெயில் தாழ்ந்ததும் வேலை தொடங்கியது. பானட்டின் இந்தப் பக்கம் ஜோக்கிம், அந்தப் பக்கம் ஜெய்சன். நடுவில், வண்டியின் மூக்குக்கு நேராக, மார்கிரெட்.

“தகரத்துல உப்பு இருக்கும். நல்ல தண்ணியில கழுவி ஒணக்காம பசை போட்டா ஒரு வாரத்துல தொங்கும். அவன்கிட்ட சொல்லு.”

“கழுவணுமாம்.”

ஜெய்சன் ஒரு கணம் நின்றான். அவன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பசை போடத் தயாராக இருந்தான். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனான். நக்கித் தெரிந்துகொள்ள வேண்டிய உப்பை அப்பா பார்த்தே தெரிந்துகொள்கிறார் என்று போகிற போக்கில் ஜினியிடம் முணுமுணுத்தது மார்கிரெட்டின் காதில் விழுந்தது.

தகரம் காய்கிற நேரத்தில் ஜோக்கிம் நாளிதழ்த் தாள்களை ஒட்டி, பானட்டின் உள்பக்கத்தில் பொருத்தி, விரலால் அழுத்தி அழுத்திப் படி எடுத்தார். ஷீட்டின்மேல் அதைப் பரப்பி, சவர பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினார். பிளேடு எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. ஜெய்சன் தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு பசை. இரண்டு முகத்திலும் தடவி, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் வருகிற பதம் வரும்வரை காத்திருந்தார்கள்.

“அம்மே, அந்தப் பக்கம் மேல் மூலையைத் தூக்கச் சொல்லு.”

“தூக்குங்க.”

“தூக்கியாச்சுன்னு சொல்லு.”

“தூக்கியாச்சாம்.”

“கொஞ்சம் இடத்தோட்டு, இடது பக்கமா.”

“இடத்தோட்டாம்.”

“அவனுக்க இடமா எனக்க இடமா?”

ஜினி தாங்க முடியாமல் உள்ளே ஓடினாள். அவள் சிரிப்பு சன்னல் வழியாக வந்தது. ஜெய்சனின் உதடும் ஒரு பக்கம் கோணியது. ஜோக்கிமின் மீசைக்குக் கீழும் ஏதோ நெளிந்தது. இருவரும் உடனே ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் கைகளுக்கு அந்த வீம்பு இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு நான்கு உள்ளங்கைகளும் ஒரே வேகத்தில் ஷீட்டை நீவிக்கொண்டு போயின. ஒன்று விட்ட இடத்தில் மற்றது பிடித்தது. ஓர் இடத்தில் காற்றுக் குமிழ் எழுந்தபோது சொல்லாமலே ஒருவர் அழுத்த, மற்றவன் அதை வெளியே ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் ஷீட் போய்ப் பதிந்து உட்கார்ந்தது. மார்கிரெட் தன் வாழ்நாளில் பார்த்த அழகான காரியங்களில் அது ஒன்று என்று நினைத்தாள். இவ்வளவு அழகாக ஒன்றாக வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் தான் எதற்கு நிற்கிறோம் என்றும் நினைத்தாள்.

ஜெய்சன் உள்ளே ஏறி வண்டியைக் கிளப்பினான். பானட்டை இறக்கி மூடினார் ஜோக்கிம். எங்கேயும் முட்டவில்லை. வழக்கமாக அந்த டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இன்று அது தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்கிற கிழவனைப்போல் உறுமியது.

காத்திருந்தார்கள். சூடு ஏற வேண்டும். வெகுநேரம் கழித்து ஜோக்கிம் உள்ளங்கையைப் பானட்டின்மேல் வைத்தார். எடுக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்த கை, காய்ச்சல் விட்டது தெரிந்தும் எடுக்காமல் இருப்பதுபோல் வைத்திருந்தார்.

“ஏட்டி,” என்றார் மெல்ல. “அவன்கிட்ட சொல்லு.”

“என்னத்த?”

“கொள்ளாம்னு.”

மார்கிரெட் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கரையில் கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று பொருள். எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்கிற சொல்தான். மீன்குழம்புக்கும் சொல்வார்கள், மாப்பிள்ளைக்கும் சொல்வார்கள். ஜோக்கிம் மட்டும் அதை அப்படிச் செலவழிக்கிறவர் இல்லை. ஜெய்சன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தபோது வரவில்லை. இந்த வீட்டைக் கட்டி முடித்துச் சாவியை நீட்டியபோதும் வரவில்லை. வந்திருந்தால், கர்க்கடகக் கடலுக்குப் பிறகு இத்தனை மாதம் இந்த வீட்டில் இரண்டு ஊமைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சொல் இப்போது வந்திருக்கிறது. அதையும் அவள் தட்டில் வைத்து நீட்டுகிறார்.

டிரைவர் சீட்டிலிருந்து ஜெய்சன் தலையை நீட்டினான். அப்பாவின் முகம் இளகியிருப்பதை அவனும் பார்த்திருந்தான். இதுதான் நேரம் என்று நினைத்திருக்க வேண்டும்.

“அம்மே,” என்றான். “சொல்லும்மே. இப்போ சொல்லு.”

அவன் சொன்னது சுவரை.

இரண்டு முகங்களும் அவளைப் பார்த்தன. ஒருவர் கையில் நல்ல வார்த்தை, ஒருவன் கையில் கெட்ட செய்தி. அவள் வழக்கம்போல் இரண்டையும் வாங்கி, சூட்டை ஆற்றி, சத்தத்தைக் குறைத்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்த்துவிடுவாள். மகனுக்குப் போகும்போது ‘கொள்ளாம்’ என்பது ‘அப்பாவுக்குப் பிடிச்சிருக்காம்’ என்று ஆகிவிடும். அப்பாவுக்குப் போகும்போது விழுந்த சுவர் ‘கொஞ்சம் சேதம்’ என்று ஆகிவிடும். இரண்டிலும் உயிர் அவளுக்குள்ளேயே தங்கிவிடும்.

குடிச்சு குடிச்சு வெச்சிருக்கிற சாமான்.

மார்கிரெட் வண்டியின் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையில் பசை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு ஓரடி பின்வாங்கினாள். நடுவில் இருந்த இடம் காலியானது.

“நான் சொல்லமாட்டேன்,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அடுக்களையில் உப்பு போதும் என்று சொல்கிற குரல்தான்.

“என்னத்த சொல்லமாட்டே?” என்றார் ஜோக்கிம்.

“உங்களுக்குள்ளதை நீங்க சொல்லுங்க. அவனுக்குள்ளதை அவன் சொல்லட்டும்.”

ஜோக்கிம் கையைப் பானட்டின்மேல் வைத்தபடியே நின்றார். ஜெய்சன் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரைச்சலில் காதில் விழவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.